பலகையில் ஏறாத பேர்

மஹ்பூபாவுக்கு யாருக்கும் யோசனை சொல்லாமல் இருக்க முடியாது. பக்கத்து வீட்டில் மீன் குழம்பு தீய்ந்தாலும், எதிர்வீட்டில் புது மாப்பிள்ளை முகம் சுளித்தாலும், கூப்பிடாமலே போய் நின்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். பெரும்பாலும் நல்ல யோசனையாகத்தான் இருக்கும். தெருவும் அவளைக் கேட்டுப் பழகிவிட்டது. அவள் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போனவள் ஒருத்திதான். அவளும் இந்த ஊர்க்காரி இல்லை.

அவள் பெயர் மிலாக்ரோஸ். பிலிப்பைன்ஸ் தீவுகளில் ஏதோ ஒன்றில் பிறந்தவள். தகப்பன் சைகோனில் ஒரு ஓட்டலில் டிரம்பெட் ஊதிப் பிழைத்தவர். அவரோடு போன இடத்தில், சுங்க இலாகாவிலிருந்த ரெனே என்ற பிரெஞ்சுக்காரன் அவளைப் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டான். ஐம்பத்தொன்றில் அவனைக் காரைக்காலுக்கு மாற்றி, கீழவாஞ்சூர் சாவடியில் போட்டார்கள். மஹ்பூபா வீட்டுக்கு அடுத்த மாடி வீட்டில் இருவரும் குடிவந்தார்கள்.

ஊரிலிருந்த பிரெஞ்சு மதாம்கள் அவளைத் தங்களில் ஒருத்தியாகச் சேர்க்கவில்லை. தமிழ்ப் பெண்களோ, மதாமாயிற்றே என்று ஒதுங்கினார்கள். தெருப் பிள்ளைகள் 'மணிலாக்கொட்டை மதாம்' என்று பேர் வைத்துக் கத்தின. அவள் கோபப்படவில்லை. அந்த வேர்க்கடலையையே வாங்கி வறுத்து அந்த வானரங்களுக்குக் கைநிறையக் கொடுத்தாள். அன்றைக்கே மஹ்பூபாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

தமிழை அவள் மஹ்பூபாவின் அடுப்படியில்தான் கற்றாள். தெருப் பெண்கள் அக்காவைக் கூப்பிடுவதுபோல 'லாத்தா' என்றுதான் மஹ்பூபாவைக் கூப்பிடுவாள். அதனால் மாதா கோயில் சாமியாரிடமே ஒருநாள், "இன்ஷா அல்லா ஞாயித்துக்கெழம பூசைக்கு வர்றேன் சாமி" என்று சொல்லிவிட்டு வந்தாள். மஹ்பூபா அதை நினைத்து நினைத்து ஒரு வாரம் சிரித்தாள். சிரிக்க ஆள் கிடைத்ததே பெரிது. அவள் புருஷன் நெய்னா முகம்மது சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். இவர்கள் குடிவந்த மறுவருஷம் வந்திருந்தபோது ரெனேவோடு நல்ல சிநேகமாகிப் போனார்.

அந்தத் தெருவில் ஆண்கள் கடல் கடந்து பிழைக்கப் போவதற்குச் 'சபர்' என்று பேர். வீடு பெண்ணுக்கு அவள் தகப்பன் கொடுத்தது. மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவான், சபர் போவான், மறுபடி வருவான். பெண் இருந்த இடத்தை விட்டு அசைய வேண்டியதில்லை. மஹ்பூபாவின் தாயும் அப்படித்தான் இருந்தாள், அவள் தாயும் அப்படித்தான் இருந்தாள். உலகம் முழுக்க அப்படித்தான் என்று மஹ்பூபா நினைத்ததில் ஆச்சரியமில்லை.

ஐம்பத்துநாலில், பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டப் போகிறார்கள் என்று ஊரே பேசிற்று. எல்லையே இல்லாமல் போனால் கீழவாஞ்சூரில் சாவடி எதற்கு? ரெனேவைத் திரும்பவும் சைகோனுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. அன்று மத்தியானம் மிலாக்ரோஸ் முகம் சிவந்துபோய் வந்து நின்றாள்.

"லாத்தா, அவரு மேரிக்கு வரச் சொல்றாரு. மறுபடி கல்யாணம் பண்ணிக்கணுமாம்."

மேரி என்பது முனிசிபல் ஆபீஸ். பிரெஞ்சுச் சட்டத்துக்கு அங்கே நடந்தால்தான் கல்யாணம். இவர்கள் கல்யாணம் சைகோனில், போர்க் குழப்பத்தில், ஒரு பாதிரியார் அவசரமாக மந்திரித்து வைத்தது. அங்கே மேரியில் பதியவில்லை. பதியாத பெண்டாட்டிக்கு அரசாங்கக் கப்பலில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"அதுக்கு என்னாவாம்? போயி பதிஞ்சிட்டு வாங்க."

"சும்மா பதிய மாட்டாங்களாம் லாத்தா. இன்னாரு இன்னாரைக் கட்டப்போறாருன்னு பத்து நாளைக்கு வாசல் பலகையில பேரு போடுவாங்களாம்."

மஹ்பூபா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பலகையை அவள் அறிவாள். மேரி வாசலில் தொங்குவது. கடைத்தெருவுக்குப் போகிறவன், கோர்ட்டுக்குப் போகிறவன், வேலை வெட்டி இல்லாதவன் எல்லாரும் நின்று படிப்பது. யாருக்கு யார், முதல் தாரமா இரண்டாம் தாரமா என்று காப்பிக்கடை வரைக்கும் பேசிக்கொண்டு போவார்கள்.

"நல்லாருக்கே நாயம்! மூணு வருசமா மதாம் மதாம்னு கூப்புட்ட ஊரு, பலகையப் பாத்துட்டு என்னா சொல்லும்? இத்தன நாளு சும்மா வச்சிருந்தாருன்னு சொல்லும். எங்கள்ல ஒருத்திக்கு அதே புருசனோட ரெண்டாந்தடவ நிக்காஹ்னா, நடுவுல தலாக் ஆயிட்டுதுன்னு அர்த்தம். ஒனக்கு அவரு தலாக் சொன்னாரா?"

"இல்ல லாத்தா."

"பின்ன என்னாத்துக்கு இன்னொரு கல்யாணம்? வரமாட்டேன்னு சொல்லு."

"அவரு போயிடுவாரே."

"போவட்டுமே. எங்க வூட்டு ஆம்பளைங்க போவலியா? வூட்டுல பொம்பள இருந்தா அவங்க எங்க போயிடுவாங்க? சபர் முடிஞ்சா தன்னால வருவாங்க."

மனசாரச் சொன்ன யோசனைதான். ஆனாலும் இவளும் போய்விட்டால் பகல் முழுக்கப் பேச்சுக்கு ஆளில்லையே என்ற எண்ணமும் அவள் மனதில் ஓரமாக இருந்தது. அதை அவள் அப்போது கண்டுகொள்ளவில்லை.

ரெனே மறுபடியும் கேட்டுப்பார்த்தான். மிலாக்ரோஸ் அழுதாள், கடவுள் முன்னால் ஒருமுறை ஆனது போதும் என்றாள். கடைசியாக அவன் மஹ்பூபா வீட்டு வாசலுக்கே வந்தான். கையில் தொப்பி, வாயில் அரைகுறைத் தமிழ்.

"மதாம், நீங்க சொன்னா அவ கேக்கும். தயவு பண்ணுங்க."

மஹ்பூபா கதவுக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னாள். "கல்யாணம் ஆனவளுக்குக் கல்யாணம் எதுக்குங்க முசே? நீங்க போயிட்டு வாங்க. ஒங்க பொண்டாட்டிய நான் பாத்துக்குறேன்."

அவன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போனான். நல்ல பதிலாகத்தான் சொன்னோம் என்று மஹ்பூபாவுக்கு அன்று முழுக்கத் திருப்தியாக இருந்தது.

அக்டோபரில் அவன் கப்பலேறினான். இடம் பார்த்துவிட்டு வந்து அழைத்துப் போகிறேன் என்று சொல்லித்தான் போனான். நவம்பரில் கொடி மாறிற்று. முதல் வருஷம் கடிதம் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. மிலாக்ரோஸ் தெருப் பெண்களுக்குப் பூத்தையல் சொல்லிக்கொடுத்துக் காலத்தை ஓட்டினாள். பிறந்த தீவிலிருந்த அவள் அண்ணன் கிளம்பி வந்துவிடு என்று சொல்லியனுப்பினான். மஹ்பூபா விடவில்லை.

"ஆளு வர்ற நேரத்துல வூடு பூட்டிக் கெடந்தா நல்லாவா இருக்கும்? சபர் போனவங்க அப்புடித்தான் புள்ள. திடீர்னு வந்து நிப்பாங்க."

ஐம்பத்தாறில் அப்படித் திடீரென்று வந்து நின்றது நெய்னா முகம்மதுதான். சைகோனில் வெளிநாட்டுக்காரர்கள் கடை வைக்க முடியாதபடி ஆகிவிட்டது. இருந்ததை விற்றுவிட்டு ஒரேயடியாக வந்துவிட்டார். மஹ்பூபாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நெய்ச்சோறும் கறியும் ஆக்கிப்போட்டு, விசிறியோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னார். "பக்கத்து வூட்டு முசேயப் பாத்தேன், சந்தைக்கிட்ட. ஓடியாந்து கையப் புடிச்சிக்கிட்டாரு. மிலா நல்லாருக்காளான்னுதான் மொதக் கேள்வி."

"எப்ப வர்றாராம்?"

"எங்க வர்றது? கூட ஒரு வெள்ளக்காரி, இடுப்புல புள்ள. மேரியில பதிஞ்ச கல்யாணமாம்."

மஹ்பூபாவின் விசிறி நின்றுபோயிற்று.

"நானும் சத்தம் போட்டேன், ஒரு பொண்ண இப்புடித் தவிக்க விடலாமான்னு. அதுக்கு அவரு, 'மூணு தடவ கேட்டேன் நெய்னா. நாலு பேரு பாக்க என் பேருக்குப் பக்கத்துல தன் பேரு வர்றது அவளுக்கு இஷ்டமில்ல. நான் அவளுக்கு வேணாம்னு வெளங்கிடிச்சி'ன்னாரு. சொல்றப்ப கண்ணு கலங்கிட்டு. அந்தம்மாவுக்கு என்னா கிறுக்கு, ஒரு கையெழுத்துப் போட்டா என்னாவாம்?"

மஹ்பூபா அழுதாள். புருஷன் முகத்தைக் கண்ணாரப் பார்க்க வேண்டிய நாளில் அவளால் தலை தூக்க முடியவில்லை. தன் வீட்டு வழக்கத்தை அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு அளவு வைத்துத் தைத்துக் கொடுத்தோமே, அது அவளுக்குச் சேருமா என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள். வாசலில் நின்ற அந்த மனிதன் தொப்பியை வைத்துக்கொண்டு போனதன் அர்த்தம் இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அந்த நேரம் பார்த்து மிலாக்ரோஸ் உள்ளே வந்தாள். நல்ல கவுன் உடுத்தி, முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தாள். கையிலிருந்த தூக்குச்சட்டியில், வாழையிலையில் சுருட்டி அவித்த சுமான். தேங்காய்ப்பாலில் அரிசி வேகவைத்து அவள் ஊரில் நல்ல நாளுக்குச் செய்வது.

"லாத்தா, மச்சான் வந்துட்டாங்களாமே! அல்ஹம்துலில்லா!" என்றவள், நெய்னா முகம்மதைப் பார்த்துக் கைகூப்பினாள். "லாத்தா சொல்லிக்கிட்டே இருக்கும் மச்சான், சபர் போனவங்க வந்துடுவாங்கன்னு. சரியாப் போச்சு. நீங்க வந்துட்டீங்க. அவரும் வந்துடுவாரு."

நெய்னா முகம்மது சோற்றைப் பிசைந்தபடி மனைவியைப் பார்த்தார். மஹ்பூபாவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக, சொல்ல ஒரு யோசனையும் வரவில்லை. மறைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். மறைத்தால் இவள் இன்னும் எத்தனை வருஷம் அந்த மாடி ஜன்னலில் நிற்பாள்?

"உக்காரு மிலா," என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளைக்காரியைச் சொன்னாள், பிள்ளையைச் சொன்னாள், மூன்று தடவை கேட்டேன் என்று அவன் கண் கலங்கியதையும் சொன்னாள். மிலாக்ரோஸ் கேட்டுக்கொண்டே தூக்கைத் திறந்து, சுமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மிலா, நான் பாவி..." என்று ஆரம்பித்தாள் மஹ்பூபா.

"அந்தப் பலகையில எத்தன நாளு பேரு இருக்கும்னு சொன்னேன் லாத்தா?"

"பத்து நாளு."

"பத்து நாளு," என்றாள் மிலாக்ரோஸ். "அப்புறம் அவங்களே கிழிச்சுப் போட்டுடுவாங்க, இல்ல?"

மஹ்பூபா ஆமாம் என்றாள். மிலாக்ரோஸ் ஒரு சுமானின் இலையைப் பிரித்து நெய்னா முகம்மதின் தட்டில் வைத்தாள்.

"சாப்புடுங்க மச்சான், ஆறிடும்."