நாற்பத்தொரு வலிப்புக்காரர்

நாற்பத்தொரு பேருக்கும் வலிப்பு என்று எழுதியிருந்தது. நிஸ்லா கணினித் திரையை மேலிருந்து கீழாக இன்னொரு தடவை வாசித்தாள். காய்ச்சலோடு வந்தவருக்கும் வலிப்பு, பாதம் கொதிக்கிறது என்று வந்த பெண்ணுக்கும் வலிப்பு. ஓலைத்தொடுவாயில் வலை இழுக்கும்போது ஏதோ பட்டு உடம்பெல்லாம் எரிகிறது என்று சொன்ன நாற்பத்தாறு வயது மனிதருக்கும் அதே வலிப்புத்தான். பெயர்கள் இல்லை, ஊர், வயது, நோயாளி சொன்ன பேச்சு, அவ்வளவுதான். மூன்று மணிக்கு, மற்ற எண்ணூறு பேரின் வரிகளோடு சேர்த்து, இந்தப் பட்டியல் கிளினிக்குகளுக்குப் போய்விடும். அங்கே மருந்துக் குளிசை எழுதுவார்கள். அந்த மனிதருக்கு இனிக் கடலுக்குப் போகக்கூடாது என்று கடிதம் கொடுப்பார்கள். இப்போது மணி இரண்டேகால்.

தாராபுரத்து வீட்டில் இருந்தபடியே கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு அவள் வேலை செய்கிறாள். நோயாளி தன் வாயால் சொன்னதைக் கொடுத்தால், மருத்துவச் சொற்களுக்குள் தேடி, சரியான நோயின் பெயரையும் எண்ணையும் எடுத்துத் தரும் ஒரு கருவி. அதைப் பாவிப்பது மனிதர்கள் அல்ல, ஏஐ ஏஜெண்டுகள், தாமாகவே வேலை செய்யும் கணினி நிரல்கள். அந்த ஏஜெண்டுகள் வாசிக்கிற வழிகாட்டிப் பக்கத்தை எழுதுவதுதான் நிஸ்லாவின் வேலை. மனிதர் எவரும் வழிகாட்டியை வாசிப்பதில்லை. இவையோ எழுத்து எழுத்தாக வாசித்து, சொன்ன சொல்லைத் தட்டாமல் செய்பவை. தன் சொல்லை இப்படிக் கேட்க இந்த வீட்டில் ஒருவருமில்லையே என்று முதல் மாதம் அவள் தனக்குள் சிரித்துக்கொண்டதுண்டு.

கலியாணத்துக்கு முன் நான்கு வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவறையில் இருந்தவள் அவள். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் தலைமைக் கிளாக்கர் முழுக் கோப்பையும் மேசையில் எறிந்துவிடுவார். தெரியாவிட்டால் முந்தின தாளைப் பார்த்து நிரப்பு என்பதுதான் அங்கே சட்டம். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. வழிகாட்டியிலும் எழுதிவிட்டாள்: ‘எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். தெளிவில்லாவிட்டால் கீழுள்ள உதாரணத்தைப் பின்பற்றுங்கள்.’ கீழே உதாரணத்துக்கு வலிப்பும் அதன் எண்ணும். விடை கிடைக்காத இடமெல்லாம் அந்த அப்பாவிகள் உதாரணத்தையே எடுத்து ஒட்டிவிட்டன.

உதாரணத்துக்கு வேறு நோயா இல்லை? யோசிக்காமல் கைக்கு வந்த எண் அதுதான். பதினான்கு வயதிலிருந்து தன்னுடைய கிளினிக் கொப்பியில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான எண். மருந்து பிடித்துக்கொண்டதில் ஆறு வருடமாக ஒரு தரமும் வரவில்லை. கலியாணம் பேசி வந்தபோது அவளைப் பெற்ற உம்மா சொன்னது ஒன்றே ஒன்று: “வாயைத் திறந்துபோடாத.” கணவன் றினாஸுக்குத் தெரியாது. மாமிக்கு, அவனுடைய தாய்க்கு, தெரியவே கூடாது. குளிசைகள் விற்றமின் போத்தலுக்குள் இருக்கின்றன.

வழிகாட்டிப் பக்கத்தைத் திருத்திவிட்டாள். ஆனால் செய்து முடிந்த பட்டியலை நிறுத்தச் சசிகரனால்தான் முடியும். கொழும்பில் இந்த வேலைக்கெல்லாம் பொறுப்பு அவர். அறைக்குள் தொலைபேசிக்குச் சிக்னல் சரியாக எடுக்காது. முற்றத்தில் நின்றால் காற்றில் ஒன்றும் விளங்காது. ஹோலில், மாமி கதிரையில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். நிஸ்லா யன்னலோரம் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

“அப்ப நாப்பத்தொண்டையும் பட்டியலில இருந்து தூக்கிவிடுவம்,” என்றார் சசிகரன்.

“இல்ல, தூக்காதீங்கோ. முப்பத்தொன்பதுதான் பிழை. ரெண்டு பேருக்கு உண்மையாவே இருக்கு. அவையளுக்கு மருந்து பிந்தக்கூடாது.”

“என்னெண்டு சொல்லுறீங்கள்? நீங்கள் டொக்டர் இல்லையே. டொக்டரிட்டக் கேக்க நாளைக்கு ஆகும். மூண்டு மணிக்கு அனுப்பாட்டி மற்ற எண்ணூறு பேரும் நிக்க வேணும். ஊகத்தில ரெண்டை மட்டும் விட்டுவைக்க ஏலாது, நிஸ்லா.”

அவள் அந்த இரண்டு வரிகளையும் திரும்ப நினைத்தாள். ஒன்றில் நறுவிலிக்குளத்துப் பெண் ஒருத்தி சொல்லியிருந்தாள்: விடிய எழும்பினால் நாக்கு கடிபட்டிருக்கு, பாய் நனைஞ்சிருக்கு, என்ன நடந்ததென்று நினைவில்லை. இதை எந்தக் கருவியும் நிஸ்லாவுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அப்படியொரு பாயில் அவளும் எழும்பியிருக்கிறாள். ஓம், ஊகம்தான், எல்லாத்தையும் தூக்குங்கோ என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடலாம். நறுவிலிக்குளத்துப் பெண் யாரோ, எவரோ. முருங்கையிலை உருவும் சத்தம் முதுகுக்குப் பின்னால் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஊகமில்ல,” என்றாள். குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. “எனக்கும் அந்த வலிப்பு வருத்தம் இருக்கு. பதினாலு வயசில இருந்து. அது வந்தா எப்பிடியிருக்கும் எண்டு எனக்குத் தெரியும்.”

அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

“சரி,” என்றார் சசிகரன். “அந்த ரெண்டையும் எனக்கு அனுப்பிவிடுங்கோ. மற்றதை நிப்பாட்டுறன்.”

யன்னலோரம் நின்றபடியே போனில் அனுப்பினாள். முப்பத்தொன்பது வரிகளும் ஒவ்வொன்றாகப் போன் திரையிலிருந்து போயின. அந்தப் பெண்ணுக்கு மருந்து பிந்தாது, கடலுக்குப் போகிறவர் நாளைக்கும் போவார் என்று நினைத்தபோது ஒரு கணம் நெஞ்சு இலேசானது. அதற்குப் பிறகுதான், பின்னால் இலை உருவும் சத்தம் நின்றிருப்பது காதில் விழுந்தது.

“கலியாணத்துக்கு முன்னமேயா, மகள்?” என்று மாமி கேட்டார்.

“ஓம், மாமி.”

மாமி எழுந்தபோது மடியிலிருந்த இலையெல்லாம் தரையில் கொட்டியது. ஒரு ஈர்க்கு விழுந்தாலும் குனிந்து பொறுக்குகிறவர், அதை மிதித்துக்கொண்டு வெளியே போனார்.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. றினாஸ் இறங்க முதலே மாமி கேற்றுக்குப் போய் ஹான்டிலில் கையை வைத்துக்கொண்டார். யன்னலில் நின்ற நிஸ்லாவுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. மாமியின் முதுகு மட்டும் தெரிந்தது. றினாஸ் எஞ்சினை நிறுத்தவில்லை, ஹெல்மெட்டைக் கழற்றவுமில்லை. மாமி சொல்லி முடித்ததும் அவன் யன்னல் பக்கம் திரும்பினான். ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடியில் பளிச்சென்று வெயில் அடித்தது. அதற்குள் அவன் முகம் எப்படி இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை.