உரைத்த தங்கம்

கழுத்தில் கிடந்த தாலியைக் கழற்றாமல், சந்தனக் கல்லை மடியில் வைத்துக் குனிந்து, அதன் பொட்டின் ஓரத்தைத் தேனில் தோய்த்து உரைத்துக்கொண்டிருந்தாள் நல்லம்மாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் தங்கம் உரைத்துத் தடவுவது அந்தக் குடும்பத்து வழக்கம். மகன் விமலனுக்கும் தடவியவள்தான். இப்போது அவன் அப்பாவுக்கு உரைக்கிறாள்.

செல்லனுக்கு ஈரலில் கட்டி. வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனை அனுப்பிவிட்டது. காலமெல்லாம் செம்பனைக் குலை அறுத்த உடம்பு, கட்டிலில் பாதிகூட நிறையவில்லை.

போன மாதம் ரவாங்கிலிருந்து வந்த விமலன் கைப்பேசியில் ஒரு செய்தியைச் சத்தமாகப் படித்தான். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகளைக் கட்டிக்குள் செலுத்தி, வெளியிலிருந்து ரேடியோ அலை பாய்ச்சினால், தங்கம் சூடேறிக் கட்டி மட்டும் வெந்துபோகுமாம். அப்பாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் படித்தான். மறுநாளே அம்மா கல்லை எடுத்துவிட்டாள். சமையலறை ரேடியோ அப்பாவின் வலது விலாவில் ஏறிவிட்டது.

"ம்மா, அது எலிக்கும் முயலுக்கும் செஞ்சு பாத்ததும்மா. மனுசனுக்கு வர இன்னும் எத்தன வருசமோ! இது பாட்டு வாங்குற பெட்டிலா. சூடு போடுற மெசின் வேற."

"அந்த எலி பொழச்சுச்சா?"

"கட்டி சுருங்குச்சாம்."

"அப்ப நீ சும்மா கெட."

தேனை விரலில் வழித்து நீட்டினாள். செல்லன் மெல்ல வாயைத் திறந்தான்.

"என்ன புள்ள, உள்ளுக்குள்ள நகைக்கடையே தொறந்துட்டியா?"

"பேசாம முழுங்குங்க."

"பாட்டு வை. செய்தி வேணாம். செய்தி கேட்டா கட்டி வளரும்."

சிரித்துக்கொண்டே ரேடியோவைத் திருகினாள்.

சுங்கை பஞ்சாங்கிலிருந்து தம்பியைப் பார்க்க வந்திருந்த செல்லனின் அக்கா தங்கமணிக்குப் பொறுக்கவில்லை. "கெடையில கெடக்குறவன் வயித்துல பாட்டுப் பெட்டியா? கம்பத்து சனமே சிரிக்குது. நிறுத்துடி."

"சிரிக்கட்டும் அண்ணி. அவங்க வீட்டுல யாருக்கும் கட்டி இல்ல."

ரேடியோவின் அடியில் கையை விட்டுப் பார்த்தாள். லேசான சூடு இருந்தது. அது ரேடியோவின் சூடா, அவன் உடம்புச் சூடா என்று அவள் ஆராயப் போகவில்லை.

மத்தியானம் கஞ்சி காய்ச்சிக்கொண்டு திரும்பினாள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஆனால் விலாவின் மேல் ஏறி ஏறி இறங்கும் பெட்டி இப்போது அசையாமல் இருந்தது. கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, பாட்டு முடியும்வரை நின்றாள்.

மறுநாள் செல்லனைச் சவப்பெட்டியில் கிடத்தினார்கள். தாலியைக் கழற்றிப் பால் சொம்பில் போட வேண்டியது தங்கமணியின் பொறுப்பு. பெண்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். நல்லம்மாள் தாலியைச் சேலையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு மாதம் உரைத்ததில் பொட்டு ஒரு பக்கம் மழுங்கிக் கிடந்தது. தாலியைத் தேய்த்தாள், அதான் புருசன் போய்ச் சேர்ந்தான். அப்படி யாராவது ஒருத்தி வாயைத் திறந்தால் போதும், சாகும்வரை அவள் காதில் அதுதான் விழும்.

"கைய எடு நல்லம்மா."

எடுத்தாள். தங்கமணியின் விரல் அந்த மழுங்கிய ஓரத்தில் போய் நின்றது. ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு நல்லம்மாளின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னக்கா, இன்னும் கழட்டலயா?" என்றாள் பின்னாலிருந்து பக்கத்து வீட்டு விஜயராணி, கழுத்தை நீட்டி.

"முடிச்சு இறுகிக் கெடக்குலா. தள்ளி ஒக்காரு, காத்து வரட்டும்."

உள்ளங்கைக்குள் பொத்தியபடியே கழற்றினாள். கையோடு பாலுக்குள் விட்டு, பொட்டு அடியில் போன பிறகுதான் கையை எடுத்தாள். சொம்பைத் தட்டால் மூடினாள்.

பெட்டியை மூட ஆள் வந்தது.

"பொறுங்க" என்றாள் தங்கமணி. "விமலா, அந்த ரேடியோவ எடுத்துட்டு வாய்யா."

கொண்டு வந்தான். வெட்டியான் வேலைக்கு வந்தவர் தலையை ஆட்டினார். "பேட்டரி வேணாம்மா. எரிக்கிறப்ப சூட்டுல வெடிக்கும்."

விமலன் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தங்கமணி ரேடியோவை வாங்கித் தம்பியின் வலது விலாவில் வைத்தாள். சரியாமல் இருக்க, துண்டை மடித்து ஓரமாக முட்டுக் கொடுத்தாள்.