தட்டில் நின்ற தண்ணீர்

வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்ட பிறகு அவர் வீட்டோடு இருந்தார். ஷிஃப்ட் சூப்பர்வைசராக ஒரு கூட்டத்தையே விரட்டி வேலை வாங்கியவர். இப்போது வாசல் மணி அடித்தால் கதவைத் திறந்துவிட்டு, "இருங்க, கூப்பிடுறேன்" என்று உள்ளே திரும்ப வேண்டியிருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் அவர் மனைவியைத் தேடித்தான் வந்தார்கள்.

அவள் பால்கனியில் சக்குலண்ட் செடிகள் வளர்த்து விற்றாள். சதைப்பிடிப்பான இலைகள் ரோஜாப்பூ போல அடுக்கடுக்காக விரிந்த, உள்ளங்கையில் அடங்கும் தொட்டிச் செடிகள். பொழுதுபோக்காக ஆரம்பித்தது, அச்சகச் சம்பளம் நின்ற பிறகு வீட்டைத் தாங்கியது. செடி வாங்க வருகிறவர்களை அவள் சும்மா அனுப்ப மாட்டாள். உட்கார வைத்து, எப்போது தண்ணீர் ஊற்றலாம், எப்போது கூடாது என்று விளக்கிச் சொல்லித்தான் அனுப்புவாள். ஹாலில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு அவரும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் தன் விருந்தாளியிடம் அவரைக் காட்டி, "இவர்தான் செடிக்காரம்மா வீட்டுக்காரர்" என்றார். படியேறி வந்து அதை மனைவியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. புதிதாகத் திறக்கவிருந்த ஒரு தங்கும் விடுதியின் மேனேஜர் அம்மா, அறைக்கு ஒன்று, சாப்பாட்டு மேஜைக்கு ஒன்று என்று கேட்டிருந்தாள். பால்கனி அடுக்குகள் நிரம்பி, ஹால் ஜன்னலோரமும் தொட்டிகள் வந்து உட்கார்ந்தன. செடிகள் தளதளவென்று வந்துகொண்டிருந்தபோது அவளுடைய அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று போன் வந்தது. அக்காவுக்கு வேறு ஆளில்லை.

"நான் வர்ற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி வேண்டாங்க," என்று பையைத் தூக்கிக்கொண்டே சொன்னாள். "நீங்க ஒண்ணுமே செய்யாம இருந்தாலே போதும்."

"ஒண்ணுமே செய்யாம இருக்கறதுதானே இப்ப என் வேலை," என்றார் அவர்.

வேடிக்கையாகச் சொல்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

அக்காவின் கட்டிலருகே இருந்து தினமும் போன் செய்தாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டுவிட்டுக் கடைசியில் செடிகளைப் பற்றிக் கேட்பாள்.

"உன் பிள்ளைங்க நல்லா இருக்காங்க. நான் எட்ட நின்னுதான் பாக்கறேன்," என்பார்.

அக்கா எழுந்து நடமாடத் தொடங்கியதும் வீடு திரும்பினாள். கதவைத் திறந்ததுமே மூக்கில் ஏறியது, ஊறிப்போன மண்ணின் நாற்றம். பையைக் கீழே வைக்காமல் பால்கனிக்குப் போனாள். இலைகள் மஞ்சளித்து, கண்ணாடி போல ஊடுதெரிய வீங்கியிருந்தன. ஒன்றைத் தொட்டாள், கையோடு கழன்று வந்து நசுங்கியது. தண்டின் அடியெல்லாம் கருத்திருந்தது. ஒவ்வொரு தொட்டியின் அடித்தட்டிலும் தண்ணீர் விளிம்புவரை நின்றது. கூரை போட்ட பால்கனி. மழை உள்ளே வர வழியே இல்லை.

அவர் பின்னால் வந்து நின்றார். "இலையெல்லாம் சுருங்கின மாதிரி இருந்துச்சு. மனசு கேக்கல. கொஞ்சமாத்தான் ஊத்தினேன்."

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. அவர் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்து அவளே சமாதானம் சொன்னாள். "விடுங்க. பயந்துபோய்த்தானே ஊத்தினீங்க. நான் எழுதி ஒட்டிட்டுப் போயிருக்கணும். என் தப்புதான்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் பழைய பேப்பர் கொண்டுவந்து ஹாலெல்லாம் விரித்தார். அவள் தொட்டியைக் கவிழ்த்துச் செடியை உருவி, வேரில் அப்பியிருந்த சேற்றை உதறினாள். வேர்கள் பழுப்பேறிக் கொழகொழவென்று வந்தன. பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்துத் தண்டை மெல்லிய வில்லைகளாக நறுக்கிக்கொண்டே மேலே போனாள். கருப்பு வட்டம் மறைந்து வெள்ளையான சதை தெரிந்தால் அந்தச் செடிக்கு உயிர் உண்டு. உச்சிவரை கருப்பாகவே போனால் குப்பை வாளிக்குத்தான். பிழைத்தவற்றை நிழலில் பரப்பினாள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகுதான் காய்ந்த மணலும் கரித்துண்டும் கலந்த மண்ணில் வைக்க வேண்டும். வைத்த பிறகும் கொஞ்ச நாள் தண்ணீர் காட்டக் கூடாது. வாளி சீக்கிரமே நிரம்பியது. அவர் அதைக் கொட்டிவிட்டு வந்து வைத்தார்.

அப்போது போன் அடித்தது. அவள் கையெல்லாம் சேறு. "யாருன்னு கொஞ்சம் பாருங்க," என்றாள்.

எப்போதோ செடி வாங்கிப்போன ஒரு பெண். தன் செடி வாடிவிட்டது, தண்ணீர் ஊற்றட்டுமா என்று கேட்டாள் போலிருக்கிறது.

"வேண்டாம்மா, அவசரப்படாதீங்க," என்றார் அவர். பழைய சூப்பர்வைசர் குரல் தானாக வந்திருந்தது. "முதல்ல மண்ணுக்குள்ள விரல விட்டுப் பாருங்க. அடிவரைக்கும் காஞ்சிருந்தாத்தான் ஊத்தணும். தட்டுல தண்ணி நின்னா உடனே கொட்டிடுங்க, அதுதான் எமன். இலை சுருங்கினா பயப்படாதீங்க, அது தாங்கும். காய விட்டா சாகாது, ஊத்தி ஊத்தித்தான்…"

குரல் நின்றது. அவள் பிளேடைக் கீழே வைத்திருந்தாள்.

அவர் போனை அணைத்தார்.

"எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்கு," என்றாள் அவள்.

"ஒரு நாள்தான் ஊத்தணும்னு நினைச்சேன்," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "நீ இல்லாதப்பவும் மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அம்மா இல்லையா, அம்மா எப்ப வருவாங்கன்னு. என்னை ஒரு ஆளா மதிச்சு ஒருத்தனும் ஒரு வார்த்தை கேக்கல. வந்த கோபத்துல ஊத்தினேன். மறுநாள் பாத்தா ஒண்ணும் ஆகல. மறுபடியும் ஊத்தினேன்."

"நான் போன்ல கேட்டப்பல்லாம்?"

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குப்பை வாளியைத் தன் பக்கம் இழுத்தார்.

அவள் மறுபடி பிளேடை எடுத்தாள். "எழுந்து போங்க. மீதிய நானே பாத்துக்கறேன்."

மேனேஜர் அம்மாவிடம் மறுநாள் அவளே நேரில் போய்ச் சொன்னாள். செடிகள் அழுகிவிட்டன என்று மட்டும் சொன்னாள், யாரால் என்று சொல்லவில்லை. "திறப்பு விழாவ வச்சுக்கிட்டு இப்படிக் கழுத்தறுத்தா எப்படிம்மா?" என்றாள் மேனேஜர். விடுதி அறைகளுக்குப் பிளாஸ்டிக் செடிகள் வந்தன.

பிழைத்த செடிகள் வேர் விட்டதும், எல்லாவற்றையும் அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, வேன் வைத்து அக்கா வீட்டு மாடிக்குக் கொண்டுபோனாள். அன்றிலிருந்து காலையில் சமைத்து வைத்துவிட்டுப் பஸ் பிடித்து அங்கே போய், வேலையை முடித்துப் பொழுது சாயத் திரும்பினாள். அவரிடம் சண்டை போடவில்லை. சாப்பாடு போட்டாள், கரண்ட் பில் பற்றிப் பேசினாள்.

அக்காவுக்குத்தான் மனம் கேட்கவில்லை. "வேலை போன ஆம்பளை, ஏதோ புத்தி கெட்டுப் பண்ணிட்டாரு. அடிச்சாரா, குடிச்சாரா? செடிதானேடி?"

"அடிச்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்க்கா," என்றாள் தங்கை. "நீ வலியில முனகிக்கிட்டுக் கிடந்தப்ப, உன் பக்கத்துல உக்காந்துதான் தினமும் கேட்டேன். தினமும் நல்லா இருக்குன்னாரு. ஒரு கையில போன், இன்னொரு கையில சொம்பு வச்சிருந்தாரோ என்னமோ. அதை நினைச்சா சோறு இறங்கல."



சில மாதங்கள் கழித்து அவருக்கு ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை கிடைத்தது. சூப்பர்வைசர் வேலையே. வீடு திரும்பியவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளிடம் சொன்னார். அவள் "சந்தோஷங்க" என்றாள். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை.

சாப்பிடும்போது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இப்பவாவது என் மேல இருந்த கோபம் போச்சா?"

"கோபம் எப்பவோ போயிடுச்சுங்க," என்றாள் அவள், தட்டில் சோறு வைத்தபடி.

அவர் நிம்மதியாகச் சிரித்தார். கோபத்தோடு வேறு என்னவெல்லாம் போயிற்று என்று அவர் கேட்கவில்லை.