ஸ்ரீரங்கத்தில் ஒரு சிங்கப்பூர்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. திருச்சி தென்னூரில் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் அனுசுயா, வெளிநாட்டு வேலைக்குப் போய்த் திரும்பியவர்களின் மன அழுத்தத்தைப் பற்றி ஆய்வு செய்கிறாள். ஒருநாள், பெயர் சொல்லாமல் ஒருவரைப் பற்றிச் சொல்லி அழுதாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டே, நான் மனதுக்குள் முதல் வரியை எழுதிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அந்த வரி: ‘விமானம் தரையைத் தொட்டபோது அவனுக்கு...’

(வேண்டாம். நான் விமானத்தில் ஏறியதே இல்லை.)

2

அவருக்குச் செந்தமிழன் என்று பெயர் வைக்கிறேன். இதே திருச்சியில் உறையூர்க்காரர். சிங்கப்பூரில் கட்டட வேலை, பிறகு மேற்பார்வையாளர். அவர் பொறுப்பிலிருந்த சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தார். விழுந்தவர் பிழைத்துக்கொண்டார். செந்தமிழனுக்குத்தான் தூக்கம் போய்விட்டது. ஏணியைப் பிடித்தாலே கை நடுங்கியது. கம்பெனி டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிட்டது.

திருச்சியில் இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். தினமும் மனைவி மலர்க்கொடியிடம் சிங்கப்பூரிலிருந்து பேசுவதுபோலவே பேசினார். “நெட் சரியில்ல, வீடியோ வேணாம்” என்பார்.

அனுசுயா அவரைச் சந்தித்தது ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில்.

“வீட்டுல சொல்லிடலாமே சார்?”

“புத்தி கெட்டுத் திரும்பி வந்துட்டான்னு தெருவே பேசும்மா. எம் பொண்ணு அந்தத் தெரு வழியாத்தான ஸ்கூலுக்குப் போவணும்.”

3

மலர்க்கொடிக்கு எதுவும் தெரியாது என்றுதான் முதலில் எழுதினேன். அவரை அப்பாவியாக்கினால் எனக்கு வசதி.

நடந்தது வேறு. ஒரு சாயங்காலம் செந்தமிழன் போனில் பேசிக்கொண்டிருக்கையில், சன்னலுக்கு வெளியே திருச்சி டவுன் பஸ் கண்டக்டரின் குரல்: “சத்திரம், சத்திரம், ஏறுங்க.”

அவர் எட்டிச் சன்னலைச் சாத்தினார்.

பிறகு மலர்க்கொடி, “சாப்ட்டீங்களா?” என்றார்.

“ம்.”

“நாளைக்கு வெள்ளிக்கெழம. ரங்கநாதர் கோயிலுக்கு வரலாம்னு இருக்கேன். தாயார் சன்னதிகிட்ட நிப்பேன்.”

போகலாம் என்று சொல்லவில்லை. வரலாம் என்றார்.

4

என் வரைவில் அன்றிரவே செந்தமிழன் காவிரிப் பாலத்திலிருந்து குதித்துவிட்டார். கதைக்குக் கனம் வேண்டும் என்று நினைத்தேன்.

படித்துவிட்டு அனுசுயா தாளைக் கீழே வைத்தாள். “அவரு உயிரோட இருக்காருக்கா. தெனம் கஷ்டப்பட்டு உயிரோட இருக்காரு. உங்களுக்கு ஒரு முடிவு வேணும்னு அவரக் கொன்னுட்டீங்க.” தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, “நானும் உங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாது” என்றாள்.

என்னிடம் சொன்னதை அவரிடமே போய் ஒப்புக்கொண்டாள். ‘எழுதட்டும், எம்பேரு மட்டும் வேணாம்’ என்றாராம். அந்தப் பெருந்தன்மையை எங்கே வைப்பதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

5

வெள்ளிக்கிழமை அவர் சவரம் செய்துகொண்டு கோயிலுக்குப் போனார். கூட்டத்தில் மலர்க்கொடியைப் பார்த்ததும் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். மலர்க்கொடி அவரைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொன்னார்.

இப்போது மருத்துவமனைக்கு இருவரும் சேர்ந்தே வருகிறார்கள். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. தெரு பேசத்தான் செய்கிறது.

மலர்க்கொடி என்ன சொன்னார் என்று அனுசுயாவிடம் கேட்டேன்.

“அது அவங்களோடதுக்கா.”

அந்த இடத்தை வெறுமையாக விடுகிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ‘ஏன் மறைச்சீங்க?’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் எழுதிப் பார்த்தேன். அப்படிக் கேட்கக்கூடியவர் போனிலேயே கேட்டிருப்பார்.