யாருக்கும் வேண்டாத சங்கு

கதிர்காமத்தில் கும்பிட்டுவிட்டு, கடலையும் பார்ப்போம் என்று வேனைக் கிரிந்தைக்கு விட்டோம். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த எங்களில் பாதிப்பேர் கடலை டீவியில்தான் பார்த்திருந்தோம். என் மகள் கம்சலா கால் முறிந்து கட்டோடு வீட்டில் கிடந்தாள். "கடல் சத்தம் கேக்குற சங்கு ஒன்னு, நீங்களே பொறுக்கிக் கொண்டாங்கம்மா" என்று கேட்டிருந்தாள். வெறுங்கையோடு எப்படிப் போவது?

கடல் பின்வாங்கி, பாசி பிடித்த பாறைகள் வெளியே கிடந்தன. சுனாமிதான் என்று என் வீட்டுக்காரர் கிருஷ்ணராஜ் வேனைவிட்டு இறங்கவே இல்லை. செங்குத்து மலையில் மருந்தடிக்கிற மனுசன்!

"பயப்படாதீங்க, இது தண்ணி வத்துற நேரம். பொறகு ஏறிடும்" என்றார் அங்கே தேநீர் விற்ற காமில்.

பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் பொடிமீன்கள் ஓடின. இடுக்குகளில் கறுப்பு முள்ளுருண்டைகள் ஒட்டியிருந்தன. ஒரு குழியில் செம்பட்டைக் கோடு போட்ட அழகான சங்கு. எடுத்தேன். உள்ளேயிருந்து ஒரு நண்டு விரலைக் கவ்வியது. உதறினேன், திட்டினேன். அது சங்கை விட்டு வெளியே வருவதாயில்லை.

"அதைவிடப் பெரிய சங்கு ஒன்னு பக்கத்துல வச்சுப் பாருங்க. வீடு மாறும்" என்றார் காமில்.

விளிம்பு உடைந்த பெரிய சங்கு ஒன்றைத் தேடி வைத்தேன். நண்டு அதைக் கொடுக்கால் தடவித் தடவிப் பார்த்தது. பிறகு வெளியே வந்தது. பின்பக்கம் வெறும் சதை. ஐயோ பாவம் என்றிருந்தது. சட்டென்று புதுச் சங்குக்குள் போய்விட்டது.

நான் கை நீட்டுவதற்குள் வேறொரு சின்ன நண்டு என் சங்குக்குள் புகுந்தது. அது விட்டுவந்ததில் இன்னும் சின்னது ஒன்று.

கோபம் வந்தது, பிறகு சிரிப்பும் வந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலும் இதே கதைதான். ஒற்றை அறைக் காம்பரா ஒன்று காலியானால் மூத்த குடும்பம் போகும். அது விட்டதற்கு அடுத்தது. கலியாணமாகி வருஷக்கணக்காக மாமியார் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் படுத்த பிறகுதான், யாருக்கும் வேண்டாத ஒழுகல் காம்பரா எங்களுக்குக் கிடைத்தது. கம்சலா அதில்தான் பிறந்தாள்.

குச்சியால் குத்தி அந்த நண்டை வெளியேற்றியிருக்கலாம். எனக்குக் கை வரவில்லை.

தண்ணீர் ஏறத் தொடங்கியது. வேன்காரன் ஹோர்ன் அடித்தான். குழியில் கடைசியாக மிஞ்சியது விரல்நுனி அளவு சங்கு, வாய் தேய்ந்து போனது. அதைத்தான் எடுத்து வந்தேன்.

கம்சலா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"இதுல இருந்தது எங்க போச்சும்மா?"

"கொஞ்சம் பெரிய வீட்டுக்கு."

"நம்ம எப்பம்மா போவோம்?"

அவள் கையைச் சங்கோடு காதுப்பக்கம் தூக்கிவிட்டேன்.

"காதுல வச்சுப் பாரு புள்ள, சத்தம் கேக்குதான்னு" என்றேன்.