இரண்டு கட்டளைகளுக்கு நடுவே

நாற்பத்து மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நிறுத்த வேண்டும், ஆனால் சாகடிக்கக் கூடாது. இதைச் சொல்ல என் அக்கா, நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரமாகப் பார்த்து போன் செய்தாள்.

"உடனே கிளம்பி வாடி. பேசிக்கிட்டிருக்க நேரமில்ல."

அக்கா வெள்ளக் கணக்குப் போடுகிறவள். பெருமழை பெய்தால் ஆறு எந்தத் தெருவுக்குள் எவ்வளவு உயரம் ஏறும் என்று வரைபடம் தயாரிப்பது அவள் வேலை. இன்று மாலை ஐந்து மணிக்குள் அரசுக்குப் புதிய படம் போகாவிட்டால், பத்து வருடப் பழைய படமே மறுபடி உறுதியாகிவிடும். அதில் ஆற்றோரத்து நான்கு தெருக்கள் 'தண்ணீர் வராது' என்று பச்சையாக இருக்கின்றன. போன மழையில் அங்கே ஆட்களைக் கூரையிலிருந்துதான் இறக்கினார்கள்.

நான் கெர்னலில் வேலை பார்க்கிறவள். எந்தப் புரோகிராம் எப்போது ஓடலாம், எதைத் தொடலாம் என்று கணினிக்குள் தீர்மானிப்பது கெர்னல்தான். ஓடுகிற புரோகிராமை நடுவழியில் நிறுத்தி, உள்ளே பார்த்து, மறுபடி ஓடவிடும் பகுதி ஒன்று அதில் உண்டு. எனக்குச் சோறு போடுவது அதுதான்.

போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. மேசைக்கடியில் அந்தக் கணினியின் விசிறி இரைந்துகொண்டிருந்தது. அக்கா கொண்டையில் பேனாவைச் செருகியபடி நின்றிருந்தாள். பக்கத்தில் அவர்கள் அலுவலகத்துக் கணினிகளையெல்லாம் பார்த்துக்கொள்ளும் மனிதர். எல்லாப் பாஸ்வேர்டும் அவரிடமே இருப்பதால் அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர்.

"என்ன பண்ணித் தொலைச்சே?" என்றேன்.

"ஒவ்வொரு சுத்துலயும் விடை கொஞ்சம் திருந்தும். வித்தியாசம் ஒரு எண்ணுக்குக் கீழ இறங்குனா, நின்னு கோப்புல எழுதும். அந்த எண்ண ரொம்பச் சின்னதா குடுத்துட்டேன்."

"எவ்வளவு சின்னது?"

"புள்ளிக்கு அப்புறம் இருபது சைபர்."

தலையில் அடித்துக்கொண்டேன். கணினிக்குப் பதினாறு இலக்கம் வரைதான் கண் தெரியும். அதற்குமேல் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். இவள் கேட்டது ஒருநாளும் வராது. வேகம் குறையுமென்று நடுவில் எதையும் சேமிக்கவும் இல்லை. கொன்றால் நாற்பத்து மூன்று நாளும் அம்போ. இந்தத் தவறை என் அக்காவால்தான் செய்ய முடியும். சின்ன வயதில் எனக்குப் பின்னல் போட்டு, சரியில்லையென்று மூன்று முறை அவிழ்ப்பாள். பள்ளியில் மணி அடித்துவிடும். அவள் வாயிலிருந்து 'போதும்' என்று நான் கேட்டதே இல்லை.

என் கருவியை அந்தப் புரோகிராமோடு இணைக்கப் பார்த்தேன். கெர்னல் மறுத்தது. தொடங்கிவைத்துப் பெற்றெடுத்த புரோகிராமைத் தவிர வேறு யாரும் பிள்ளையைத் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். நியாயமான சட்டம்தான். இல்லாவிட்டால் கண்டவனெல்லாம் அடுத்தவன் நினைவகத்தைத் துழாவுவான்.

"அனுமதி நான் தரேன்மா," என்றார் சாவிக்கொத்து. "ஆனா ஒரு எழுத்து தப்பாப் போச்சுன்னா செத்துரும். அப்புறம் என்னக் கேக்கக் கூடாது."

விசையை அழுத்தினேன். நாற்பத்து மூன்று நாள் இரைச்சல் மெல்ல மெல்லத் தணிந்தது. அறையில் கடிகாரச் சத்தம் கேட்டது.

"போயிடுச்சா?" அக்கா திரையை நோக்கிக் குனிந்தாள்.

"இல்லக்கா. நின்னுக்கிட்டிருக்கு."

ஒரு பெருக்கலுக்கும் அடுத்த கூட்டலுக்கும் நடுவே அது நின்றது. பதினைந்தாயிரத்து நானூற்று எழுபத்தொன்றாவது சுற்று. ஆறு முழுவதும் எண்களாகத் திரையில் கிடந்தது. நான்கு தெருக்களிலும் ஏறிய தண்ணீர் ஏறிய இடத்திலேயே, சொட்டுக்கூட அசையாமல். ஆயிரம் முறை செய்திருக்கிறேன், இன்றும் உடம்பு சிலிர்த்தது. நிறுத்தப்பட்டது அதற்குத் தெரியாது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இந்த நிமிடங்கள் அதன் கணக்கில் இல்லவே இல்லை.

"என் ஆறு," என்றாள் அக்கா. சாவிக்கொத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

அக்காவின் எண் இருந்த இடத்தைத் தேடிப் பிடித்து, இருபது சைபரைப் பத்தாக்கி, ஓடவிட்டேன். விசிறி எழும்பியது. ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம். நான்கு போனது, எட்டு போனது. நிற்கவில்லை. மணி நாலு பத்து.

"சரியா எழுதினியாடி?"

"கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இரு!" என்று எரிந்து விழுந்தேன்.

மறுபடி பிடித்தேன். சுற்று முடியும் இடத்தில் ஒரு தடை வைத்து, அங்கே வந்து நின்றதும் ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தினேன். ஒரு தட்டலுக்கு ஓர் அடி. ஏழாவது அடியில் பிடிபட்டது. முதல் நாள், முதல் சுற்றுக்கு முன்பே, அக்காவின் எண்ணை, கணக்குப் போடும் பிராசஸர் தன் கைக்குள் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. நினைவகத்தில் நான் மாற்றியதை அது திரும்பியே பார்க்கவில்லை. அவள் சொன்ன சொல்லை நாற்பத்து மூன்று நாளாக அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது.

பிராசஸரின் கையிலிருந்த நகலையே மாற்றினேன். தடையை மறக்காமல் எடுத்தேன். விட்டிருந்தால் அதில் இடறியே செத்திருக்கும். பிடியை விட்டேன்.

விசிறி ஒருமுறை எழும்பித் தானாகவே தணிந்தது. கோப்பு வந்து விழுந்தது.

நாலு முப்பத்தெட்டுக்குப் படம் போயிற்று. நான்கு தெருக்களும் நீலமாக இருந்தன. சாவிக்கொத்து சத்தம் போடாமல் அனுமதியைத் திரும்பப் பூட்டினார்.

அக்கா மட்டும் நகரவில்லை. கோப்பின் கடைசியில் சுற்றுவாரியாக வித்தியாசங்களின் பட்டியல் இருந்தது. விரல் வைத்துக்கொண்டு மேலே மேலே போனாள். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு, கடைசி இலக்கம் ஆடியதைத் தவிர விடை மாறவே இல்லை.

"அப்போ அன்னைக்கே முடிஞ்சிடுச்சா?"

"அன்னைக்கே."

"மிச்சம் இருபத்தஞ்சு நாள்?"

"நீ கேட்டதத் தேடிக்கிட்டிருந்துச்சு."

அக்கா தரையில் மண்டியிட்டு, இன்னும் சூடு ஆறாத அந்தப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"போதும்," என்றாள் அதனிடம்.