செல்லி தெளிந்த விவரம்

நாட்றாம்பாளையத்துச் செல்லி 1978 மார்ச் முதல் 1997 ஆகஸ்ட் வரை, பத்தொன்பது வருடமும் ஐந்து மாதமும், மங்கலாக இருந்தாள். நோய் எதுவும் இல்லை. கை கால் திடமாக இருந்தன, குரல் கணீரென்று இருந்தது, தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக இரண்டு குடம் தண்ணீரோடு மேடேறுவாள். பார்க்கிறவர்களுக்கு மட்டும் அவள் உருவம் விளிம்பு பிடிபடாமல், ஈரக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவளைப் போலத் தெரிந்தது. காரணம் ஒரு புகைப்படம். அவள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற சமயத்தில் தேன்கனிக்கோட்டையிலிருந்து போட்டோக்காரர் ஒருவர் பஸ்ஸில் வந்து, பிள்ளைகளை மூன்று வரிசையாக நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, யாரும் அசையக் கூடாது என்றார். அவர் படம் பிடித்த அதே நொடியில் ஓடைப் பக்கமிருந்து யாரோ "ஆனை, ஆனை" என்று கத்தினார்கள். முப்பத்தொரு பிள்ளைகள் வாத்தியாருக்குப் பயந்து அசையாமல் நின்றார்கள். செல்லி மட்டும் திரும்பினாள். படம் கழுவி வந்தபோது முப்பத்தொரு முகம் தெளிவாகவும் ஒரு முகம் கலைந்தும் இருந்தது. படத்தைக் கெடுத்ததற்காக வாத்தியார் அவளுக்கு இரண்டு அடி கொடுத்தார். மறுநாள் காலையில் அவள் அம்மா நஞ்சம்மா தலை வாரிவிட உட்கார்ந்தபோது மகளின் நெற்றி எங்கே முடிகிறது, முடி எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்கு அகப்படவில்லை. விரலால் தடவிப் பார்த்து வகிடு எடுத்தாள்.

ஊர் கொஞ்ச நாள் பேசிவிட்டுப் பழகிக்கொண்டது. தையல்காரர் அவளுக்கு மட்டும் ரவிக்கையை ஒரு விரற்கடை கூடுதலாக வெட்டினார். கடைக்காரர் ஆள் அடையாளம் தெரியாதபோதெல்லாம் அது செல்லிதான் என்று எடுத்துக்கொண்டார், ஒருமுறைகூடத் தவறவில்லை. 1983இல் கண் பரிசோதனை முகாம் நடந்தபோது, முன்னால் நிற்கும் பெண் தெளிவாகத் தெரியவில்லை என்று சொன்ன ஏழு பேருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் எந்தக் குழப்பமும் இல்லை. செல்லிக்கு மற்றவர்கள் எல்லோரும் நன்றாகத் தெரிந்தார்கள். கண்ணாடியில் பார்த்தால் தான் மட்டும் தெரியவில்லை. பத்து வயதுக்குப் பிறகு அவள் தன் முகத்தைப் பார்த்ததில்லை.

1986இல் ஜவளகிரியிலிருந்து சென்றாயன் என்பவன் தன் தாய் சென்னம்மாளைக் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்தான். பெண் பார்ப்பது என்பது அந்த வீட்டில் ஒரு பேச்சுக்குத்தான். சென்னம்மாள் முந்தின வருடம் மஞ்சள் காமாலையில் முத்துமணி என்கிற பதினெட்டு வயது மகளைப் பறிகொடுத்தவள். சுடுகாட்டுக்குத் தூக்கிய அன்றும் அதற்குப் பிறகும் அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, யாரிடமும் பேசவும் இல்லை. செல்லி தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றதும் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மங்கலுக்குள் எந்த முகத்தை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள இடமிருந்தது. "முத்துமணி வந்துட்டா" என்றாள் சென்னம்மாள். பத்து மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அது. சென்றாயன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாம்பூலம் மாற்றினான்.

அதிலிருந்து வீட்டுக்குள் செல்லியின் பெயர் முத்துமணி. எந்த மருமகளுக்கும் கிடைக்காத சீராட்டு அவளுக்குக் கிடைத்தது. வெள்ளிதோறும் சென்னம்மாள் அவளை உட்காரவைத்து எண்ணெய் தேய்ப்பாள், முதல் களி உருண்டையை அவள் தட்டில்தான் வைப்பாள், அவளுக்குக் காய்ச்சல் வந்தால் தானும் சாப்பிட மாட்டாள். செல்லி கூப்பிட்ட பெயருக்குத் திரும்பினாள். சில சமயம் எண்ணெய்க் கை தலையில் இருக்கும்போது, இதில் தனக்கு வருவது எவ்வளவு, செத்துப்போனவளுக்குப் போவது எவ்வளவு என்று தோன்றும். கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடிய விஷயமல்ல அது.

மழை பொய்த்த ஒரு வருடத்தில் மூவரும் ஓசூருக்கு வந்து, சிப்காட்டுக்குப் பின்னால் வரிசை வீடு ஒன்றில் குடியேறினார்கள். சென்றாயன் லாரிகளில் சரக்கு ஏற்றப் போனான். செல்லி மோட்டார் காயில் சுற்றும் சின்னக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் சேர்ந்தாள். தலைமுடியை விட மெல்லிய கம்பியை அறுக்காமல் சுற்றுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஏழு வருடம் இப்படிப் போனது. 1997இல் பதினொரு பேரை பர்மனென்ட் ஆக்குவது என்று கம்பெனி முடிவு செய்து, முதல் பெயராக அவள் பெயரை எழுதியது. அடையாள அட்டைக்குப் புகைப்படம் வேண்டும். ஓசூரில் மூன்று ஸ்டூடியோவில் எடுத்தாள். பின்னால் தொங்கிய திரைச்சீலையின் மடிப்புகூடத் தெளிவாக விழுந்திருந்தது, அவள் விழவில்லை. ஒரு ஸ்டூடியோக்காரர் தன் கேமராவைப் பெங்களூருக்கு அனுப்பிப் பழுது பார்த்தார். ஆபீசில் அட்டை ஒட்டுகிற நாராயணப்பன் நல்ல மனிதர்தான். "நான் உன்னைய தெனமும் பாக்கறேம்மா, எனக்குத் தெரியும். மேல இருக்கறவங்களுக்கு மொகம் வேணும். இந்த மாசக் கடைசிக்குள்ள கொண்டா. இல்லாட்டி அடுத்த பேரு போயிரும்" என்றார்.

அந்த வருடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகை அடிப்பது, பழைய படங்களைச் சரிசெய்வது அங்கே தொழில். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவள் பவளம். அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி, புருஷன் வேலைக்காக வடக்கே வந்தவள். செல்லி நீட்டிய பாஸ்போர்ட் படத்தை ஸ்கேன் செய்து, கூர்மையாக்குகிற கட்டளையை நாலைந்து தடவை கொடுத்துப் பார்த்தாள். புள்ளி புள்ளியாக மணல்தான் கூடியது.

"இதுல ஒன்னும் இல்லக்கா. கலைஞ்ச ஆளத்தான் எடுத்துருக்காக. மொத மொத எதுல கலைஞ்சீக? அந்தப் படம் இருக்கா?" என்று கேட்டாள்.

பத்தொன்பது வருடத்தில் இந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்டதில்லை. செல்லி அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாட்றாம்பாளையம் போய், நஞ்சம்மாவின் பெட்டியிலிருந்து பள்ளிக்கூடப் படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். வந்ததும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போகவில்லை. இரண்டு நாள் படத்தைத் துணி மடிப்புக்குள்ளேயே வைத்திருந்தாள். சென்றாயன் கவனித்துவிட்டான்.

"என்னா, போவலயா?"

"நான் தெளிஞ்சிட்டா அத்த என்னா ஆவாங்க?" என்றாள் செல்லி. "அவங்க பொண்ண நானே கொன்ன மாதிரி ஆயிராதா?"

சென்றாயன் பீடியை அணைத்தான். அவனுக்கு அம்மாவின் பழைய ஊமை வருடம் ஞாபகம் இருந்தது. பிறகு, "முத்துமணி செத்து பன்னெண்டு வருசமாச்சு. நீ உசுரோட இருக்கற. எவ்ளோ நாளைக்கு எங்க வூட்ல இன்னொருத்தி பேரச் சொல்லிக் கூப்டா ஏன்னு கேட்டுட்டு இருப்ப? போ" என்றான்.

"உங்களுக்கு பயமில்லயா? என்னா மொகம் வரும்னு யாருக்குத் தெரியும்?"

"நான் மொகத்தப் பாத்தா கட்டுனேன்?" என்றான் அவன்.

மறுநாள் பவளம் அந்தப் படத்தை ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து மூடினாள். திரையில் முப்பத்திரண்டு பிள்ளைகள் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தார்கள். கலைந்த முகத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு முதல் தடவை கூர்மையாக்கியபோது, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த செல்லியின் வளையல்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன. பவளம் திரையைப் பார்த்தாள், ஸ்டூலைப் பார்த்தாள். இரண்டிலும் வேலை சரியாக நடப்பதாகப் பட்டதால் தொடர்ந்தாள். அடுத்த தடவை அளவு கொஞ்சம் கூடிப்போனது. செல்லியைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று எழும்பியது. மின்விசிறிச் சத்தம் காதில் ஊசியாக இறங்கியது, சுவரின் சுண்ணாம்புத் துகள் ஒவ்வொன்றும் தனியாகக் கண்ணில் குத்தியது. அவள் "அய்யோ" என்றபோது அந்தச் சொல் பட்டு மேசையில் இருந்த கவர் ஒன்று கிழிந்தது. பவளம் சட்டென்று ஒரு படி பின்னால் போனாள். அந்தக் காலத்து மென்பொருளில் ஒரு படிதான் பின்னால் போக முடியும். நல்லவேளையாக ஒரு படிதான் தேவைப்பட்டது.

பிறகு அவள் அளவைக் குறைத்து, பூதக்கண்ணாடி வைத்ததுபோலப் பெரிதாக்கி, இழை இழையாக வேலை செய்தாள். ஒரு மணி நேரம் கழித்து நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"அக்கா, இங்கிட்டு வந்து பாருங்க. இதுல ரெண்டு மொகம் இருக்கு. ஒன்னு கேமராவப் பாக்குது, இன்னொன்னு அங்கிட்டு திரும்பிருக்கு. ரெண்டும் ஒன்னு மேல ஒன்னு விழுந்து கெடக்கு, அதான் கலஞ்சு தெரியுது. ஒன்ன எடுத்தா மத்தத அழிச்சாகணும்."

செல்லி குனிந்து பார்த்தாள். பவளம் ஒன்றை மங்கவைத்து மற்றதைக் காட்டினாள். முதல் முகம் உதட்டை இறுக்கி, கண்ணை அகல விரித்து, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. வாத்தியார் சொன்னபடியே நின்ற முகம். அடுத்தது பாதி திரும்பியிருந்தது. வாய் திறந்திருந்தது, புருவம் மேலே போயிருந்தது. வருவது என்னவாக இருந்தாலும் பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசை அதில் அப்பட்டமாக இருந்தது. செல்லிக்கு இரண்டையும் அடையாளம் தெரியவில்லை. ஆனால் இரண்டாவதைப் பார்த்தபோது யாரோ சொந்தக்காரப் பெண்ணைக் கூட்டத்தில் பார்த்தது போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. யூபிஎஸ் கூவத் தொடங்கியது. பத்து நிமிடம்தான் தாங்கும், அதுவரை செய்ததைப் பதிந்து வைத்தால் இரண்டு முகமும் ஒட்டிக்கொண்டுவிடும், அப்புறம் பிரிக்க வராது என்றாள் பவளம். "ஐடி கார்டுக்கு நேராப் பாக்குறதுதான் கேப்பாக. அத எடுத்துரவா?"

"வேணாம்மா. அது பயந்துபோயி நிக்குது. அடி வாங்குனது திரும்பிப் பாத்ததுதான். அதையே எடு."

பவளம் நேராகப் பார்த்த முகத்தை அழித்தாள். யூபிஎஸ் கூவலுக்கு நடுவே திரும்பிய முகத்தைக் கூர்மையாக்கினாள், நிழலைக் கொஞ்சம் ஏற்றினாள், பதிந்தாள். இயந்திரம் அணைந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் ஸ்டூலின் மேல் இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி தெளிவாக உட்கார்ந்திருந்தாள். கறுத்த, எலும்பு எடுப்பான முகம். மங்கலுக்கு அடியில் வயது அதுபாட்டுக்கு ஏறியிருந்தது, கன்னத்தில் வெயிலும் காதோரம் இரண்டு நரையும் இருந்தன. பவளம் கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். செல்லி அதில் வெகுநேரம் பார்த்தாள். "என்னா இவ்ளோ நரச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு சின்ன விஷயம் மிச்சமிருந்தது. எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் அவள் முகம் பார்க்கிறவருக்குக் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியே தெரிந்தது. மறுவாரம் ஸ்டூடியோவில் நேராக உட்காரவைத்து எடுத்த படத்திலும் அப்படியே விழுந்தது. நாராயணப்பன் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஆளும் படமும் ஒத்துப்போகிறது என்று ஒட்டி முத்திரை குத்தினார்.

ஆனால் அது மறுவாரம். அன்று சாயங்காலம் செல்லி வீட்டு வாசலில் நின்றபோது சென்றாயன் அவளைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, சிரித்து, வழிவிட்டான். உள்ளே சென்னம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். முறம் கையிலேயே நின்றது.

"முத்துமணி எங்க?" என்று மகனைக் கேட்டாள்.

செல்லிதான் முன்னால் போய் உட்கார்ந்தாள். "அவ போயி பன்னெண்டு வருசமாச்சுங்க அத்தே. நான் செல்லி."

சென்னம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். மஞ்சள் காமாலையில் மகள் செத்த அன்றைக்கு வரவேண்டிய அழுகை அது. வரிசை வீட்டுக்காரர்கள், இழவு இன்றைக்குத்தான் விழுந்தது என்று நினைத்து வந்து திண்டுக்கல்காரி, திருவண்ணாமலைக்காரி என்று பாராமல் கூட உட்கார்ந்து அழுதார்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரி தன் பாஷையில் ஒப்பாரி வைத்தாள். பதினொரு நாள் அந்த வீட்டில் அழுகை நிற்கவில்லை. செல்லி ஷிப்டுக்குப் போய்வந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். சென்னம்மாள் கஞ்சியை வாங்கிக் குடித்தாள், கொடுத்த கையைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, எண்ணெய்க் கிண்ணம் அலமாரியிலேயே இருந்தது. செல்லி அதைப் பார்த்துக்கொண்டே தன் தலையைத் தானே வாரிக்கொண்டு வேலைக்குப் போனாள். தான் செய்தது சரிதானா என்று காயில் சுற்றும்போது யோசித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றைக்கு ஒரு கம்பி அறுந்தது.

பன்னிரண்டாம் நாள் காலையில் சென்னம்மாள் எழுந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, களி கிண்டி, மூன்று தட்டு வைத்தாள். செல்லிக்கு எதிரே உட்கார்ந்து, புதிதாக வந்த ஆளைப் பார்ப்பதுபோல அவள் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். புருவத்துக்கு மேலே விரலை வைத்தாள்.

"இது என்னா தழும்பு?"

"களை எடுக்கறப்ப கொத்து பட்டுச்சுங்க. பதினாறு வயசுல."

"ரத்தம் ரொம்ப வந்துச்சா?"

"வந்துச்சுங்க. மூணு தையல் போட்டாங்க."

"இத்தன வருசம் எண்ண தேச்சேன்" என்றாள் சென்னம்மாள். "கையில தட்டுப்பட்டுச்சு. கேக்காம வுட்டுட்டேன் பாரு."

முதல் உருண்டையை எடுத்துச் செல்லியின் தட்டில் வைத்தாள். பிறகு, நேர் எதிரே உட்கார்ந்தால் மருமகளின் கண் தன்னைப் பார்ப்பதில்லை என்பதைக் கவனித்து, தன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து, அவள் முகம் திரும்பியிருந்த பக்கமாகப் போய் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள்.